முடிபும் விகற்பமும்: ஜப்பானியச் சித்திரக்கதைகளின் திரைவடிவங்கள் – ஒரு திறனாய்வு

முன்னுரை

ஜப்பானியச் சித்திரக்கதை மாங்கா எனவும், அந்நாட்டின் இயங்குசித்திரம் அனிமே எனவும் வழங்கப்படுகின்றன. இவ்விரண்டையும் நடிகர்களைக் கொண்டு படமாக்கும் முயற்சி அண்மையில் தோன்றியதன்று. மச்சிகோ ஹசெகாவாவின் 'சசாயெ-சான்' 1956 முதல் நடிகை சியெமி எரியின் நடிப்பில் திரைப்படங்களாக வெளிவந்தது. அது இயங்குசித்திரத் தொடரானது 1969இல்தான். ஒசாமு தெசுகாவின் 'தெட்சுவான் அடொமு' என்னும் சித்திரக்கதையும் 1959–60இல் நடிகர் நடித்த தொலைக்காட்சித் தொடராக வந்த பின்னரே 1963இல் இயங்குசித்திரமாயிற்று. ஆகவே, கோட்டோவியத்திற்கு உடல் தரும் முயற்சி இயங்குசித்திரத் தொடர்களுக்கும் முற்பட்டது என்பது நினைவில் கொள்ளத்தக்கது.

ஆயினும் இத்திரைவடிவங்கள் பற்றிய மதிப்பீடு பெரும்பாலும் ஒரே வினாவைச் சுற்றியே அமைகிறது. மூலத்தில் உள்ளது அப்படியே திரையில் இருக்கிறதா என்பதே அவ்வினா. தலைமுடியின் நிறம், உடையின் மடிப்பு, காட்சி வரிசை ஆகியவை மூலத்தோடு ஒப்பிடப்பட்டு, ஒத்தால் நன்று, ஒவ்வாவிடில் தீது என முடிவு கூறப்படுகிறது. இவ்வளவுகோல் போதாது என்பதும், வழிநூல் பற்றித் தமிழ் இலக்கண மரபு வகுத்துள்ள கருத்து இவ்விடத்துப் பயன்படும் என்பதும் இக்கட்டுரையின் கருதுகோள்களாகும். 'டெத் நோட்', 'கோஸ்ட் இன் த ஷெல்', 'ருரோனி கென்ஷின்', 'உமிமாச்சி டயரி' ஆகியவற்றின் திரைவடிவங்கள் முதன்மைச் சான்றுகளாகக் கொள்ளப்படுகின்றன. பிற படைப்புகள் வேண்டுமிடத்து ஒப்புநோக்கப்படுகின்றன.

வழிநூல் என்னும் அளவுகோல்

தொல்காப்பிய மரபியல், நூலை முதல்நூல், வழிநூல் என இரண்டாகப் பகுத்து, வழிநூலைத் தொகுத்தல், விரித்தல், அவ்விரண்டையும் கலத்தல், மொழிபெயர்த்து அமைத்தல் என நான்காக வகைப்படுத்துகிறது. இவ்வகைப்பாடு வழிநூல் எவ்வாறு தோன்றுகிறது என்பதை உணர்த்துகிறது. நன்னூல் மேலும் ஒருபடி சென்று, வழிநூலுக்குரிய தகுதியைச் சுட்டுகிறது. முன்னோர் நூலின் முடிபோடு ஒத்திருத்தல், பின்னோன் தான் வேண்டும் விகற்பத்தைக் கூறுதல், மரபு அழியாதிருத்தல் என்னும் மூன்று கூறுகள் அதன் வரையறையிலிருந்து பெறப்படுகின்றன. முன்னோர் நூலோடு ஒரு பகுதி மட்டும் ஒத்துப் பெரிதும் வேறுபடுவதை அது சார்புநூல் எனத் தனியே பிரிக்கிறது.

இவ்விதிகள் அறிவுநூல்களை முன்வைத்து எழுந்தவை என்பது உண்மை. கதைக்கலைக்கு இவற்றை விரிக்கும்போது 'முடிபு' என்பதற்குப் பொருள் தெளிவு வேண்டும். முடிபு என்பது கதையின் இறுதி நிகழ்ச்சி அன்று. கதை தான் எழுப்பிய வினாவுக்குக் காணும் விடையே முடிபு என ஈண்டுக் கொள்ளப்படுகிறது. இவ்வாறு கொண்டால், இறுதி நிகழ்ச்சி மாறியும் முடிபு மாறாதிருத்தல் கூடும். நிகழ்ச்சிகள் பலவும் ஒத்திருந்தும் முடிபு தலைகீழாதலும் கூடும். விகற்பம் என்பதும் பிழை அன்று. பின்னோனுக்கு இலக்கணம் அளித்த உரிமை அது. இவ்வுரிமையைப் பின்னோன் எதற்காகப் பயன்படுத்தினான் என்பதே திறனாய்வாளன் கேட்க வேண்டிய வினா.

கோடும் உடலும்

மாங்காவின் முகம் சில கோடுகளால் ஆனது. சித்திரக்கதைக் கலை பற்றி 1993இல் நூலெழுதிய ஸ்காட் மெக்ளவுட், முகம் எளிமையாகும் அளவிற்கு அது பலரையும் குறிக்கவல்லதாகிறது என்னும் கருத்தை முன்வைத்தார். வரைந்த முகம் ஓர் ஆளைக் காட்டுவதைவிட ஓர் உணர்வைச் சுட்டுகிறது. வியப்பு வந்தால் கண் முகத்தின் பாதியாகலாம்; நாணம் வந்தால் கன்னத்தில் சில சாய்கோடுகள் போதும். நடிகரின் முகமோ ஏற்கெனவே ஒருவருக்கு உரியது. அது சுட்டுவதற்கு முன்னரே இருக்கிறது. எனவே, கோட்டின் மிகையை நடிகர் முகத்தில் அப்படியே ஏற்ற முனைந்தால், மெய்ப்பாடு தோன்றுமிடத்துப் போலிமை தோன்றுகிறது.

காலமும் அவ்வாறே வேறுபடுகிறது. ஓர் அடி விழும் நொடியைச் சித்திரக்கதை பல பக்கங்களுக்கு நீட்டலாம். ஒரு கட்டத்தில் எவ்வளவு நேரம் தங்குவது என்பதை வாசகரே முடிவு செய்கிறார். திரையில் அவ்வுரிமை இயக்குநரிடம் சென்றுவிடுகிறது. ஆகவே, கட்டங்களை வரிசையாகப் படமெடுத்து அடுக்குவது உண்மைத்தன்மை ஆகாது. அது வாசகர் கையில் இருந்த காலத்தைப் பறித்து, அதற்கு ஈடாக எதையும் தராத செயலாகும்.

டெத் நோட்: ஒரு முதல்நூல், இரு விகற்பங்கள்

சுகுமி ஓபா எழுதித் தகேஷி ஒபாடா வரைந்த 'டெத் நோட்' 2003 முதல் 2006 வரை தொடராக வந்து, 12 தொகுதிகளாக நூலுருப் பெற்றது. பெயர் எழுதப்பட்டவர் இறக்கும் ஏடொன்று லைட் யாகமி என்னும் மாணவன் கையில் கிடைக்கிறது. அவன் குற்றவாளிகளைக் கொல்லத் தொடங்கிக் காலப்போக்கில் தன்னையே நீதியாகக் கருதுகிறான். எல் என்னும் துப்பறிவாளன் அவனைத் தேடுகிறான். லைட்டுக்கு எவர்மீதும் சொந்தப் பகை இல்லை என்பது கதையின் அடித்தளம். நல்ல குடும்பம், நல்ல கல்வி, அளவுக்கு மீறிய அறிவு, சலிப்பு ஆகியவையே அவனிடம் உள்ளன. துன்பமே அறியாத ஒருவன் கொலையைக் கடமையாக்கிக் கொள்வதில்தான் கதையின் அச்சம் பிறக்கிறது. தானே நீதிபதி ஆனவன் நீதிமானாக நீடிக்க முடியாது என்பதே இதன் முடிபு.

ஷூசுகே கனெகோ இதனை 2006இல் இரு பகுதிகளாகப் படமாக்கினார். அவர் செய்த விகற்பங்கள் சிறியவை அல்ல. மூலத்தில் இல்லாத ஷியோரி என்னும் காதலியைப் படைத்து, முதற்பகுதியின் இறுதியில் அவளது சாவுக்கு லைட்டையே காரணனாக்கினார். மூலத்தில் எல் கதையின் இடைப்பகுதியிலேயே இறந்துவிட, அவனுக்குப் பின் வந்தவர்களே லைட்டை வீழ்த்துகின்றனர். திரையிலோ எல் தன் பெயரைத் தானே முன்கூட்டி ஏட்டில் எழுதி, தன் சாவின் நாளைத் தானே குறித்துக்கொள்கிறான். அதனால் வேறெவரும் அவன்மீது ஏட்டைப் பயன்படுத்த இயலாமற் போகிறது. அவ்விடைவெளியில் அவன் லைட்டை அம்பலப்படுத்துகிறான். மூலத்தில் முன்னரே இறந்துவிடும் தந்தை, திரையில் உயிரோடிருந்து மகன் சாவதைக் காண்கிறார்.

இறுதி நிகழ்ச்சி இவ்வளவு மாறியும் முடிபு மாறவில்லை. தொகுதிகள் பலவற்றில் படிப்படியாக நிகழும் அறச்சரிவைத் திரை சில மணி நேரத்தில் உணர்த்த வேண்டியுள்ளது. ஷியோரியின் சாவு அச்சுருக்கத்துக்கு வழியாகிறது. குற்றவாளியை மட்டும் கொல்கிறேன் என்பவன், தன்னை நேசித்த குற்றமற்ற ஒருத்தியைத் திட்டமிட்டுக் கொன்றுவிட்டு அழுவதாக நடிக்கிறான். அவன் எத்தகையவன் என்பதற்கு இதற்குமேல் விளக்கம் வேண்டியதில்லை. பிறர் உயிரைத் தன் கொள்கைக்குச் செலவிடும் லைட்டுக்கு எதிராகத் தன் உயிரைச் செலவிடும் எல்லை நிறுத்தியதும் மூலத்தின் வினாவைக் கூர்மையாக்கும் விகற்பமே. இது தொகைவிரி வகைப்பட்ட வழிநூல் எனலாம்.

ஆடம் விங்கார்ட் 2017இல் நெட்ஃபிளிக்ஸ் நிறுவனத்திற்காக எடுத்த அமெரிக்க வடிவத்தில் கதை சியாட்டில் நகருக்குப் பெயர்கிறது. களம் மாறியதைப் பலர் குறையாகக் கூறினர். ஆனால் களமாற்றம் விகற்பத்தின் எல்லைக்குள் அடங்குவதே. அதனால் மட்டும் ஒரு படைப்பு கெடுவதில்லை. குறை வேறிடத்தில் உள்ளது. இப்படத்தில் லைட் டர்னரின் தாய் ஒரு குற்றவாளியால் இறந்தவள். அவன் தண்டனையின்றித் தப்பியவன். லைட் தொடக்கத்திலேயே அவனைக் கொன்று பழிதீர்க்கிறான். விசாரணை அதிகாரிகளைக் கொன்ற பொறுப்பும் லைட்டிடமிருந்து அவன் தோழி மியாவுக்கு மாற்றப்படுகிறது. இதனால் காரணமற்ற தன்முனைப்பின் கதை, காயப்பட்ட மகனின் கதையாகிறது. பார்வையாளர் அவனுக்காக இரங்கலாம். அவனைக் கண்டு அஞ்ச வேண்டியதில்லை. அச்சம் இருந்த இடத்தில் இரக்கத்தை வைத்தமையால் முடிபு கைவிடப்பட்டது. ஏடும் சாத்தேவனும் பெயர்களும் எஞ்சின, வினா எஞ்சவில்லை. படத்தின் சுருங்கிய நேரமே இதற்குக் காரணம் எனல் பொருந்தாது. தாயின் கதையைச் சேர்க்கவும் நேரம் வேண்டியிருந்தது அல்லவா?

கோஸ்ட் இன் த ஷெல்: காட்சி ஒப்புமையும் முடிபின் முரணும்

மசமுனே ஷிரோவின் 'கோஸ்ட் இன் த ஷெல்' 1989இல் தொடங்கிய மாங்கா. மமோரு ஒஷீ அதனை 1995இல் இயங்குசித்திரமாக்கினார். நகைச்சுவை விரவிய மூலத்தை அவர் அமைதியும் துயரமும் கொண்டதாக மாற்றினார். ஆதலின் அதுவே ஒரு வழிநூல். முழுவதும் இயந்திர உடல் கொண்ட மோட்டோகோ குசனாகி என்னும் அதிகாரி, தன்னுள் இருப்பது உண்மையில் தானா என வினவுகிறாள். இறுதியில், மின்வலையில் பிறந்த ஓர் அறிவோடு இணைந்து, பழைய தானாகவும் புதிய பிறிதாகவும் அன்றி நிற்கிறாள். தன்மை என்பதற்கு நிலையான எல்லை இல்லை என்பதே இதன் முடிபு.

ரூப்பர்ட் சாண்டர்ஸின் 2017ஆம் ஆண்டுப் படத்தில் அப்பாத்திரத்தை ஸ்கார்லெட் ஜோஹான்சன் ஏற்றார். ஜப்பானியப் பாத்திரத்திற்கு வெள்ளையின நடிகையைத் தேர்ந்தமை கடும் எதிர்ப்புக்கு உள்ளாயிற்று. இயந்திர உடலுக்கு இனம் ஏது என்னும் கருத்துப்பட ஒஷீ இத்தேர்வை ஆதரித்தார். இவ்வாதம் ஆராயத்தக்கது. 1995ஆம் ஆண்டுப் படைப்புக்கு அது பொருந்தும். அங்கு உடலுக்குப் பிறப்பிடம் கூறப்படவில்லை. கூறாமையே அதன் பொருள். 2017ஆம் ஆண்டுப் படமோ உடலுக்கு ஒரு வரலாறு தருகிறது. மீரா கிலியன் என அழைக்கப்படும் நாயகி உண்மையில் மோட்டோகோ குசனாகி என்னும் ஜப்பானியப் பெண் என்பதும், ஒரு நிறுவனம் அவள் மூளையை எடுத்து வெள்ளையின உருவில் பொருத்தியது என்பதும் பிற்பகுதியில் வெளிப்படுகின்றன. இவ்வாறு கதையே இனமாற்றத்தை ஒரு குற்றமாகச் சொல்லிவிட்ட பின், இயந்திர உடலுக்கு இனமில்லை என்னும் விடை நிற்பதற்கு இடமில்லை. கதைக்குள் நிறுவனம் செய்ததையே கதைக்கு வெளியே படம் செய்திருக்கிறது. அதனைப் படம் தானே உணரவில்லை.

இதனினும் ஆழமான சிக்கல் முடிபில் உள்ளது. 1995ஆம் ஆண்டுப் படைப்பின் புகழ்பெற்ற காட்சிகள் பலவற்றை இப்படம் உழைத்து மீட்டெடுத்துள்ளது. உயர்ந்த கட்டடத்திலிருந்து குதித்தல், நீர்ப்பரப்பில் கண்ணுக்குப் புலனாகாமல் போரிடுதல் முதலியவை அவ்வாறானவை. கண்ணளவில் ஒப்பிடுவோர்க்கு இது மூலத்துக்கு நெருக்கமான படம். ஆனால் இங்கு நாயகி இணைதலை மறுக்கிறாள், தாயைக் காண்கிறாள், இழந்த தன்னை மீட்டு, பழைய பணியில் தொடர்கிறாள். தன்மைக்கு எல்லை இல்லை என்ற முதல்நூல், தொலைந்த தன்மையைத் தேடிக் கண்டடையும் கதையாகிவிட்டது. காட்சிகள் ஒத்தும் முடிபு முரணியதற்கு இதைவிடத் தெளிவான சான்று அரிது.

இனம் மாறிய நடிப்பு எங்கும் ஒரே பொருளுடையது அன்று என்பதும் கூற வேண்டும். மாரி யமசாகியின் 'தெர்மாய் ரோமாய்' கதையின் 2012ஆம் ஆண்டுப் படத்தில் ஹிரோஷி அபே முதலிய ஜப்பானிய நடிகர்கள் பழைய உரோமானியராக நடித்தனர். பொருந்தாமையை மறைக்காமல் நகைக்கே அது பயன்பட்டது. உரோமானியரை நடிக்கும் வாய்ப்பை மேலைநாட்டு நடிகர் இழந்துவிட்டார் என்று எவரும் கூற இயலாது. ஆசிய நடிகர்க்கு முதன்மைப் பாத்திரங்கள் அரிதாகவே கிடைத்துவந்த ஹாலிவுட்டில் அதே செயல் வேறு பொருள் கொள்கிறது. தொழில்துறையின் நீதி ஒரு வினா. படைப்பின் முடிபு மற்றொரு வினா. இரண்டையும் கலக்காமல் ஆராய்தல் வேண்டும். சாண்டர்ஸின் படம் இவ்விரண்டிலும் தவறியது.

ருரோனி கென்ஷின்: உடல் சேர்த்த பொருள்

நொபுஹிரோ வாட்சுகியின் 'ருரோனி கென்ஷின்' 1994 முதல் 1999 வரை வந்த தொடர். ஆட்சிமாற்றக் காலத்தில் பலரைக் கொன்ற வாள்வீரன், மெய்ஜி ஆட்சியின் 11ஆம் ஆண்டில், இனிக் கொல்லேன் என்னும் உறுதியோடு அலைகிறான். அவன் வாளின் கூர்முனை எதிராளியை நோக்காமல் தன்னை நோக்கித் திருப்பி அமைக்கப்பட்டது. கெய்ஷி ஓடொமோ இதனை 2012இல் ஒன்றும், 2014இல் இரண்டும், 2021இல் இரண்டுமாக ஐந்து படங்களாக்கினார்.

இங்கு மரபு என்னும் கூறு சிறப்பாக நோக்கத்தக்கது. ஓடொமோ இதற்கு முன் என்.எச்.கே. தொலைக்காட்சிக்காக 2010இல் 'ர்யோமாதென்' என்னும் வரலாற்றுத் தொடரை இயக்கியவர்களுள் ஒருவர். கென்ஷினாக நடித்த தகேரு சடோ அத்தொடரில் ஒகடா இசோ என்னும் வரலாற்றுக் கொலைவாளனாக நடித்தவர். ஆகவே, சித்திரக்கதையைத் திரைக்குக் கொணர்ந்தோர், ஜப்பானிய வரலாற்றுப் படங்களின் நீண்ட வாள்வீச்சு மரபை உடன்கொண்டே வந்தனர். ஹாங்காங் படங்களில் பயின்ற கென்ஜி தனிகாகி சண்டைக்காட்சிகளை அமைத்தார். போர்முறைகளின் பெயரைக் கூவி அறிவிக்கும் சித்திரக்கதை வழக்கம் பெரிதும் குறைந்தது. ஓடி, சறுக்கி, தாழ்ந்து எழும் உடலின் விரைவு அவ்விடத்தைப் பெற்றது. கோடு செய்ததை உடல் தன் வழியில் செய்தது எனலாம்.

இதனால் மூலத்தில் உள்ளடங்கியிருந்த ஒரு பொருள் வெளிப்படுகிறது. வரைந்த வாளுக்கு எடையில்லை. வரைந்த உடல் அடுத்த கட்டத்தில் எழுந்துவிடும். அங்கு, கொல்லேன் என்பது சொல்லளவான உறுதி. திரையில் மூச்சிரைக்கும் உடல், பலரால் சூழப்பட்ட நிலையிலும் ஒவ்வொரு வீச்சிலும் கொல்லாமையைத் தேர்ந்தெடுக்கும்போது, அவ்வுறுதியின் விலை கண்ணுக்குத் தெரிகிறது. ஐந்தாம் படமாகிய 'த பிகினிங்' அவன் கூர்வாளோடு கொன்று திரிந்த முற்காலத்தைச் சொல்கிறது. முன்னைய படங்களைப் பார்த்தவர்க்கு இரு வாள்களுக்கும் உள்ள வேறுபாடு அறக்கருத்தாக அன்றி அனுபவமாகவே விளங்குகிறது. நகைச்சுவைப் பகுதிகள் குறைந்தமை இழப்பே. ஆயினும் முடிபு காக்கப்பட்டு, உடலால் மட்டுமே கூடும் விகற்பம் சேர்க்கப்பட்டுள்ளது.

உமிமாச்சி டயரி: தொகுத்தலின் நுட்பம்

சண்டையும் வியப்பும் கொண்ட கதைகளே திரைவடிவத்திற்கு உரியன என்னும் எண்ணம் பிழையானது. அகிமி யோஷிதாவின் 'உமிமாச்சி டயரி' காமகுரா நகரில் வாழும் மூன்று சகோதரிகள், பிரிந்துபோன தந்தையின் இறுதிச் சடங்கில் காணும் மாற்றாந்தாய் மகளைத் தம்மோடு அழைத்து வந்து வாழும் கதை. மூலம் இன்னும் முடிவடையாத நிலையில், 2015இல் ஹிரோகசு கொரீடா இதனைப் படமாக்கினார். கான் திரைப்பட விழாவின் போட்டிப் பிரிவில் அது இடம்பெற்றது.

முடிவடையாத முதல்நூலுக்கு இறுதி நிகழ்ச்சி இல்லை; முடிபோ உண்டு. கைவிட்டுச் சென்றவர் விட்டுச்சென்ற உறவையும் ஏற்றுக்கொள்ளலாம் என்பதே அது. கொரீடா கடைசித் தங்கையின் பள்ளித் தோழர்களுக்கும் காற்பந்துக் குழுவுக்கும் மூலத்தில் உள்ள விரிவைச் சுருக்கிச் சகோதரிகளிடம் கவனத்தைக் குவிக்கிறார். தந்தையை நினைவுக்காட்சிகள் வழியே காட்ட அவர் முனையவில்லை. அவரைப் பற்றிப் பிறர் சொல்லும் சிறு செய்திகளாலேயே அவர் உருவாகிறார். வீட்டு முற்றத்து மரத்தின் காய்களில் ஊறவைத்த மதுவும், நெத்திலிக் குஞ்சு வைத்த ரொட்டியும் குடும்ப நினைவைச் சுமக்கின்றன. சித்திரக்கதையில் கட்டங்களுக்கு இடையேயுள்ள வெற்றிடத்தை வாசகர் நிரப்புவது போல, இங்குச் சொல்லாமல் விட்டதைப் பார்வையாளர் நிரப்புகிறார். இது தொகுத்தல் வகைக்கு ஏற்ற சான்று.

மரபின் அழிவும் சார்புநூலும்

இவற்றுக்கு மாறாக, ஜேம்ஸ் வாங் இயக்கிய 'டிராகன்பால் எவல்யூஷன்' 2009இல் வந்தது. அகிரா தொரியாமாவின் 'டிராகன் பால்' 1984 முதல் 1995 வரை 42 தொகுதிகளாக வளர்ந்தது. சீனத்தின் 'மேற்கு நோக்கிய பயணம்' என்னும் பழங்கதையின் குரங்கு வீரனை அடியொற்றிய, வாலுள்ள காட்டுச் சிறுவனே அதன் நாயகன் கோகு. உலக வழக்கு அறியாத அவனது வெகுளித்தனமே நகைக்கும் பெருமிதத்திற்கும் ஊற்று. திரையில் அவன் சக மாணவரின் ஏளனத்திற்கு ஆளாகும் அமெரிக்க உயர்நிலைப்பள்ளி மாணவனாகிறான். இது விகற்பம் அன்று. ஒரு மரபை நீக்கிவிட்டு, ஆயத்தமாய்க் கிடந்த மற்றொரு வாய்பாட்டை அவ்விடத்தில் வைத்தல். திரைக்கதை எழுதிய பென் ராம்சே 2016இல் இதற்காக வெளிப்படையாக மன்னிப்புக் கோரினார்.

எனினும் மூலத்திலிருந்து விலகுதல் யாவும் வீழ்ச்சி ஆகா. கரோன் சுச்சியா எழுதி நொபுஆகி மினெகிஷி வரைந்த 'ஓல்ட் பாய்' கதையில், காரணம் அறியாமல் பத்தாண்டு அடைக்கப்பட்ட ஒருவன் விடுவிக்கப்படுகிறான். கொரிய இயக்குநர் பார்க் சான்-வூக் 2003இல் இக்கருவை மட்டும் எடுத்து, சிறைக்காலத்தைப் பதினைந்தாண்டாக்கி, பகையின் காரணத்தை முற்றிலும் மாற்றினார். பள்ளிப் பருவத்துத் தனிமை ஒன்றைச் சுற்றியிருந்த மூலம், குற்றவுணர்வும் தகாத உறவும் பற்றிய துன்பியலாயிற்று. 2004ஆம் ஆண்டுக் கான் விழாவில் பெருநடுவர் பரிசு பெற்ற இப்படத்தை வழிநூலாக அளந்தால் பிழையாகவே தோன்றும். ஒரு சிறை ஒத்துப் பிற வேறுபடும் சார்புநூலாகக் கொண்டால் அதன் தகுதி விளங்கும். எதனை எவ்வகையில் வைத்து அளப்பது என்பதும் திறனாய்வின் கடமையே.

ஆசிரியர் ஒப்புதல்

எய்இசிரோ ஓடாவின் 'ஒன் பீஸ்' 2023இல் நடிகர் நடித்த தொடராக வந்தபோது, மூல ஆசிரியரே தயாரிப்பில் பங்கேற்றமை பெரிதும் எடுத்துரைக்கப்பட்டது. முந்தைய தோல்விகளைக் கண்ட வாசகர்க்கு இது நம்பிக்கை தந்தது இயல்பே. ஆயினும் ஒப்புதல் வேறு, தகுதி வேறு. ஒஷீயின் ஆதரவு சாண்டர்ஸின் படத்தைக் காக்கவில்லை. கனெகோவின் மாற்றங்களுக்கு வலிமை தந்தது அவற்றின் பொருத்தமே. ஆசிரியரின் முத்திரையைத் தேடும் திறனாய்வு, தன் பணியைப் பிறரிடம் ஒப்படைத்துவிடுகிறது.

நிறைவுரை

இதுகாறும் கூறியவற்றால் சில கருத்துகள் பெறப்படுகின்றன. சித்திரக்கதையின் திரைவடிவத்தை உருவ ஒப்புமையால் அளத்தல் போதாது. 2017ஆம் ஆண்டின் 'கோஸ்ட் இன் த ஷெல்' அவ்வளவுகோலில் தேறியும் மூலத்தை இழந்தது. இறுதி நிகழ்ச்சியை மாற்றியும் முடிபைக் காக்கலாம் என்பதற்குக் கனெகோவின் 'டெத் நோட்' சான்று. உடலால் மட்டுமே கூடும் பொருளைச் சேர்ப்பதே திரைவடிவத்தின் சிறந்த விகற்பம் என்பதைக் கென்ஷின் படங்களும், விட்டுவிடுதலும் ஒரு விகற்பமே என்பதை 'உமிமாச்சி டயரி'யும் உணர்த்துகின்றன.

வழிநூல் பற்றிய இலக்கணக் கருத்து, பழைய நூல்களை வகைப்படுத்துவதற்கு மட்டும் உரியதாக நம் பாடத்திட்டங்களில் நின்றுவிட்டது. ஒரு படைப்பு மற்றொன்றாக மாறும்போது எது மாறலாம், எது மாறக்கூடாது என்னும் வினா அழியாதது. அதனைத் தெளிவாக எழுப்பிய மரபு நம்மிடம் இருக்கையில், இன்றைய மாணவர் விரும்பிக் காணும் கலைகளின்மீது அதனைச் செலுத்திப் பார்த்தல் வேண்டும். அவ்வாறு செலுத்துவதால் அக்கலைகள் விளங்குவதோடு, அவ்விதிகளின் பொருளாழமும் நமக்கு மீண்டும் புலனாகும்.